ரெய்கிக்குப் புதியவரா? வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்

முதல் தடவை ரெய்கிக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து வந்தாலும் சரி, புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருந்து வந்தாலும் சரி, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன். நான் ரெய்கி கற்று, செய்து வருகிறவள். எனக்கு இதன்மேல் பிரியம் அதிகம். இல்லாததைச் சொல்லி யாரையும் மருந்தை நிறுத்த வைத்துவிடக் கூடாது என்பதில் அதைவிடப் பிடிவாதம் அதிகம்.

ரெய்கி என்றால் என்னதான் செய்வீர்கள்?

உடையோடு நீங்கள் படுத்திருப்பீர்கள். கட்டில் இருந்தால் கட்டிலில், இல்லாவிட்டால் தரையில் பாய் விரித்து அதன்மேல் ஒரு போர்வை. முழங்காலுக்குக் கீழே சின்னத் தலையணை ஒன்றை வைப்பேன், இடுப்பு பிடிக்காமல் இருக்க. நான் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் உங்கள் கண்களுக்கு மேலே மெதுவாக வைப்பேன். அமுக்கமாட்டேன், தேய்க்கமாட்டேன், எண்ணெய் கிடையாது. அங்கே மூன்று முதல் ஐந்து நிமிடம். பிறகு பக்கவாட்டில் நெற்றிப்பொட்டு, பின்மண்டை, தொண்டைக்கு அருகே, தோள், வயிறு, முழங்கால், பாதம். அப்புறம் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகு. குருவுக்குக் குரு வரிசை கொஞ்சம் மாறும். பலர் 12 இடங்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும்.

வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். ஃபேன் சுற்றும். தெருவில் பால் வண்டி போகும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரியும்: வந்து படுத்தபோது காதுவரை தூக்கியிருந்த தோள் பத்து நிமிடத்தில் கீழே இறங்கும். இறுக்கிக் கடித்திருந்த தாடை தளரும். மூச்சு நெஞ்சில் இருந்து வயிற்றுக்கு மாறும். வயிறு ‘குர்ர்’ என்று சத்தம் போடும், உடனே ‘ஐயோ’ என்று கூச்சப்படுவார்கள். கூச்சப்பட வேண்டாம். உடம்பு பதற்றத்தை விட்டு இறங்கும்போது வயிறு வேலை செய்ய ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

கொடுக்கிறவரின் கை வழியாக ஓர் உயிர்ச்சக்தி மற்றவருக்குப் பாய்கிறது, அது தானாகவே தேவையான இடத்துக்குப் போகும் என்பது ரெய்கியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

எங்கெல்லாம் தொடுவீர்கள்? பெண்கள் தனியாக வரலாமா?

இதைக் கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். அதனால் கேட்காதவர்களுக்கும் நானே சொல்லிவிடுவேன். ரெய்கியில் எந்த உடையையும் கழற்றத் தேவை இல்லை. மார்பிலும் அந்தரங்க இடங்களிலும் கை வைக்கத் தேவையே இல்லை. அந்தப் பகுதிகளைத் தாண்டிப் போய்விடலாம், அல்லது உடம்பில் படாமல் சற்று மேலே கையைப் பிடிக்கலாம். உடம்பு முழுக்கத் தொடாமலேயே செய்யச் சொன்னாலும் செய்ய வேண்டும்.

‘சட்டையைத் தளர்த்து’, ‘கதவைத் தாழ் போட வேண்டும்’, ‘கூட வந்தவர் இருந்தால் எனர்ஜி தடைபடும்’ என்று யார் சொன்னாலும், எத்தனை பெரிய மாஸ்டராக (ரெய்கி குருவாக) இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவையோ அக்காவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள், அதே அறையில் உட்காரச் சொல்லுங்கள். முதலில் ‘தொடலாமா?’ என்று கேட்காமல் கை வைக்கிறவரிடம் இரண்டாம் தடவை போக வேண்டாம்.

கை வைத்த இடம் சூடாகிறது, சிலருக்குக் குறுகுறுப்பாக இருக்கிறது. அது சக்தி இல்லையா?

சூடு உண்மை. நானும் உணர்கிறேன். ஒருவருடைய உள்ளங்கை துணிமேல் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் அந்த இடத்து வெப்பம் வெளியேற வழி குறையும். ஓய்வாகப் படுத்தால் கை கால்களுக்கு ரத்த ஓட்டம் கூடும். அதோடு கண்ணை மூடிக்கொண்டு ஓர் இடத்தையே கவனித்தால் அங்கே குறுகுறுப்பும் துடிப்பும் தெரியும். யாருமே தொடாவிட்டாலும் தெரியும். செய்து பாருங்கள், வலது உள்ளங்கையை மட்டும் இரண்டு நிமிடம் நினைத்துக்கொண்டே இருங்கள்.

ஆகவே சூடு வருவதை வைத்து சக்தி பாய்ந்தது என்று முடிவு செய்ய முடியாது. சூடு வராவிட்டால் உங்களிடம் ஏதோ அடைப்பு இருக்கிறது என்று பயப்படவும் வேண்டாம். பலர் ஒன்றும் உணராமல் குறட்டை விட்டுத் தூங்கிவிடுகிறார்கள். அது நல்ல விஷயம்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? மழுப்பாமல் சொல்லுங்கள்.

ரெய்கி பேசும் அந்தச் சக்தியை எந்தக் கருவியும் இதுவரை அளந்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ரெய்கி எந்த நோயையும் குணப்படுத்தும் என்று நிரூபணமாகவில்லை.

இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி, ஒன்பது வயதில், பள்ளிக்கூட அறிவியல் செயல்திட்டமாக ஒன்றைச் செய்தாள். ரெய்கிக்கு நெருங்கிய உறவான ‘தெரப்யூடிக் டச்’ என்ற முறையைச் செய்கிற 21 பேரைச் சோதித்தாள். நடுவில் ஒரு தடுப்பு. அதில் உள்ள ஓட்டைகள் வழியாக அவர்கள் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அவற்றில் எந்தக் கைக்கு மேலே எமிலியின் கை இருக்கிறது என்று, தொடாமல், சக்தியை உணர்ந்து அவர்கள் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வரும். அவர்கள் சொன்னது 44 சதவீதம்தான் சரி. 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. மற்றது ரெய்கியைப் பற்றியதே. உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 100 பேரை வைத்து 2008-இல் வந்த ஆய்வு. சிலருக்கு உண்மையான ரெய்கி மாஸ்டர்கள், சிலருக்கு மாஸ்டர் போல நடித்தவர்கள், எட்டு வாரம். வலி இரண்டு பக்கமும் குறையவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் ஏன் செய்கிறேன்? ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல், அவசரப்படுத்தாமல், அன்பான ஒரு கை தன்மேல் இருக்க, படுத்திருக்கும் வாய்ப்பு நம் ஊரில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து இரவு பதினொன்றுக்குப் படுக்கும் பெண்களுக்கு? ஓய்வுக்கும் தொடுதலுக்கும் பலன் உண்டு. மனம் லேசாகிறது, அன்றைய தூக்கம் நன்றாக வருகிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். அதைக் கொடுக்க முடிவதே எனக்குப் போதுமானது. அதற்கு மேல் ஏற்றிச் சொன்னால் பொய்.

அப்படியென்றால் எந்த நோய்க்கு வரலாம்?

நோய்க்கு வராதீர்கள். களைப்புக்கு வாருங்கள், மனக்கலக்கத்துக்கு வாருங்கள், நோயோடு சேர்ந்து வரும் சோர்வுக்கு வாருங்கள். சிகிச்சைக்கு மருத்துவரிடம் போங்கள்.

நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுத்தல், வாய் கோணுதல், மூச்சுத் திணறல் என்றால் நேரே 108. மழைக் காலத்தில் மூன்று நாள் காய்ச்சல் விடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை. இந்தக் கடலோரத்தில் டெங்கு சாதாரணமாக வருகிறது. பாம்புக்கடி, நாய்க்கடிக்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் இன்சுலினையோ மாத்திரையையோ ‘ரெய்கி எடுத்தேன், இன்று வேண்டாம்’ என்று தவறவிடவே கூடாது. உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்றால் 14416 என்ற இலவச மனநல எண்ணை அழையுங்கள்; தமிழில் பேசுவார்கள்.

சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றை மந்திரத்தாலோ மாயத்தாலோ குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அப்படி போர்டு வைத்திருப்பவரிடம் போகாதீர்கள்.

எங்கள் ஊரில் மந்திரிப்பார்கள், வேப்பிலை அடிப்பார்கள். இதுவும் அதுதானே?

தோற்றத்தில் நெருக்கம் இருக்கிறது. குழந்தை வீறிட்டு அழுதால் பாட்டி மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதும், தர்காவில் ஓதிக் கை வைப்பதும், கோயிலில் விபூதி பூசி நெற்றியைப் பிடிப்பதும் நமக்குப் பழகியவை. பயந்துபோனவருக்கு ஒரு பெரியவர் கை வைத்தால் பயம் தணிகிறது என்பது எல்லா ஊருக்கும் தெரிந்த விஷயம். ரெய்கியில் பேய், திருஷ்டி, ஏவல் என்ற பேச்சு கிடையாது, பரிகாரம் கிடையாது. ‘உங்களுக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், ரெய்கியால் எடுக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் பயத்தை விலை பேசுகிறார்.

இதை யார் தொடங்கினார்கள்? திபெத்தில் இருந்து வந்தது என்கிறார்களே?

ஜப்பானில் இருந்து வந்தது. மிகாவோ உசுய் என்பவர் 1865-இல் ஜப்பானின் கிஃபு பகுதியில் பிறந்தார். 1922-இல் கியோட்டோவுக்கு அருகே உள்ள குராமா மலையில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்து தவம் செய்தபோது இது தமக்குக் கிடைத்தது என்றார். அந்த ஆண்டே டோக்கியோவில் சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று டோக்கியோ, யோகொஹாமா பகுதியைத் தரைமட்டமாக்கிய பெரும் பூகம்பம் வந்தது. காயப்பட்டவர்களிடையே அவர் போய்க் கை வைத்தார் என்று அவருடைய நினைவுக்கல் சொல்கிறது. ‘தானே’ புயலுக்கு மறுநாள் கடலூர் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கு, அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காரும் ஒரு மனிதர் எத்தனை பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. உசுய் 1926-இல் இறந்தார்.

அவரிடம் கற்றவர்களில் ஒருவர் சுஜிரோ ஹயாஷி, கடற்படை அதிகாரியாக இருந்தவர். டோக்கியோவில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். இன்று நாம் பார்க்கும் கை வைக்கும் வரிசைகளில் அவருடைய பங்கு பெரிது. 1935-இல் அங்கே ஒரு பெண் வந்தார். ஹவாயோ டகாடா, ஹவாய்த் தீவுகளில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன ஜப்பானியக் குடும்பத்தில் 1900-இல் பிறந்தவர், கணவரை இழந்தவர், உடம்பு முடியாமல் இருந்தவர். அங்கேயே தங்கிக் கற்று, ஹவாய்க்குத் திரும்பி, 1980-இல் இறப்பதற்குள் 22 மாஸ்டர்களை உருவாக்கினார். ஜப்பானுக்கு வெளியே இன்று இருக்கும் ரெய்கியில் மிகப் பெரும் பகுதி அந்த ஒரு பெண்ணின் வழியாக வந்தது. கரும்புத் தோட்டக் கூலி வீட்டில் பிறந்த பெண் இதை உலகத்துக்குக் கொண்டுபோனாள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

உசுய் கிறிஸ்தவக் கல்லூரி முதல்வராக இருந்தார் என்ற கதையும் சொல்வார்கள். கியோட்டோவில் இருக்கும் அந்தக் கல்லூரியின் பதிவுகளில் அவர் பெயர் இல்லை. அமெரிக்கர்களுக்குச் சொல்ல வசதியாகப் பின்னால் சேர்ந்த கதை அது என்று பலர் கருதுகிறார்கள்.

ஸ்ரீ அன்னை ஜப்பானில் இருந்தவர்தானே? அவர் கொண்டுவந்ததா?

புதுச்சேரிக்காரர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. அன்னை ஜப்பானில் இருந்தது 1916 முதல் 1920 வரை. 1920 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். உசுய் குராமா மலைக்குப் போனது 1922. ஆக, தொடர்பு இல்லை. ஸ்ரீ அரவிந்தரின் யோகம் வேறு, இது வேறு. ஆரோவில் பக்கம் பலவிதமான ஹீலிங் முறைகளைச் செய்கிறவர்கள் இருப்பதால் எல்லாம் ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். செய்யலாமா?

ரெய்கி ஒரு மதம் அல்ல. எந்தக் கடவுளையும் கும்பிடச் சொல்வதில்லை. ஆனால் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2009-இல், கத்தோலிக்க நிறுவனங்களில் இதைச் செய்வது பொருந்தாது என்று அறிவித்திருக்கிறார்கள். இதை மறைத்து உங்களைப் படுக்க வைப்பது நியாயம் இல்லை. மனதில் உறுத்தல் இருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அல்லது வராமலே இருங்கள். உறுத்தலோடு படுத்தால் ஓய்வு எங்கே கிடைக்கும்? முஸ்லிம் சகோதரிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

சக்கரம், கிரிஸ்டல், பெண்டுலம் எல்லாம் தேவையா?

தேவையில்லை. சக்கரங்கள் நம் யோக மரபைச் சேர்ந்தவை. ரெய்கி மேற்கு நாடுகளுக்குப் போன பிறகு அங்கே சேர்த்துக்கொண்டார்கள். கல் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

துபாயில் இருக்கும் மகனுக்கு இங்கிருந்து அனுப்ப முடியுமா?

ரெய்கிப் படிப்பின் இரண்டாம் நிலையில் தொலைதூர ரெய்கி சொல்லிக்கொடுப்பார்கள். ஊரில் இருந்து ஒரு தாய் கண்ணை மூடிப் பிள்ளையை அன்போடு நினைப்பதை நான் மதிக்கிறேன். அதற்குக் காசு வாங்குவதை மதிக்க முடியவில்லை. அந்தப் பணத்துக்கு மகனோடு வீடியோவில் பேசுங்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய். ஜிப்மரில் கீமோ நடக்கிறது. ரெய்கி கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கனத்துவிடும். கடலூரில் இருந்து விடியற்காலை பஸ் பிடித்து, கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, மறுபடி பஸ் ஏறி வீடு வந்து, அப்புறம் சமைக்கிற பெண்கள். அம்மாவைவிட இவர்கள்தான் அதிகமாக வாடிப்போயிருப்பார்கள்.

முதலில் ஒன்று. கீமோ, ரேடியேஷன், ஆபரேஷன் எதுவும் ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது. ‘ரெய்கி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே கூடவே கொடுக்கலாம். மருத்துவரிடமோ நர்ஸிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கீமோவுக்குப் பின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், அதனால் சோப்பு போட்டுக் கை கழுவாமல் தொடக் கூடாது, சளி இருமல் இருந்தால் அன்று போகவே கூடாது. ரேடியேஷன் கொடுத்த தோலிலும், ஊசிக்காகப் பதித்த போர்ட் இருக்கும் இடத்திலும் கை வைக்கக் கூடாது. ஊதுவத்தி, வாசனை எண்ணெய் வேண்டாம். அந்த நேரத்தில் வாசனை பட்டாலே குமட்டும். ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீர்கள், பத்து நிமிடம் போதும். பல அம்மாக்களுக்குப் பாதம்தான் பிடிக்கிறது. இரண்டு பாதத்தையும் கையில் ஏந்திக்கொண்டு பேசாமல் உட்காருங்கள். அதற்குத் தீட்சை தேவையில்லை. மகளின் கையே போதும். இதை நான் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்குவதில்லை.

அப்புறம், நீங்களும் ஒருநாள் வந்து படுங்கள்.

கற்றுக்கொள்ள எவ்வளவு நாள், எவ்வளவு செலவு?

மூன்று நிலைகள். முதல் நிலையில் தனக்கும் மற்றவருக்கும் கை வைக்கக் கற்றுக்கொடுத்து, மாஸ்டர் தீட்சை கொடுப்பார். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். அதன்பின் 21 நாள் தனக்குத்தானே தினமும் செய்துவரச் சொல்வார்கள். உண்மையான படிப்பு அந்த நாட்கள்தான். இரண்டாம் நிலையில் சின்னங்கள். மூன்றாவது, மாஸ்டர் ஆகும் நிலை.

கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். டகாடா மாஸ்டர் நிலைக்கு 10,000 டாலர் வாங்கினார். ‘காசு கொடுத்தால்தான் மதிப்பு’ என்பது அவருடைய எண்ணம். நகையை அடகு வைத்து யாரும் மாஸ்டர் ஆக வேண்டாம். ரெய்கி நம் அரசின் ஆயுஷ் பட்டியலில் இல்லை. அங்கே இருப்பவை ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா, ஹோமியோபதி. ஆகவே சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாலும் அது மருத்துவப் பட்டம் ஆகாது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டிருந்தால், எந்தப் படிப்பு என்று கேளுங்கள்.

கற்காமலே எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதி ஒன்று உண்டு. உசுய் தம் மாணவர்களைக் காலையும் மாலையும் சொல்லச் சொன்ன வரிகள்: இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, உன் வேலையை முழு மனதோடு செய், எல்லோரிடமும் அன்பாக இரு. ‘இன்று மட்டும்’ என்பதால்தான் எனக்கு முடிகிறது.

கர்ப்பிணிகள், குழந்தைகள்?

லேசான தொடுதல் என்பதால் கெடுதல் இல்லை. கர்ப்பிணிகள் மல்லாந்து ரொம்ப நேரம் படுக்காமல் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். குழந்தைக்கு ஐந்து நிமிடம், அதுவும் அம்மா மடியில்.

முதல் தடவை வரும்போது என்ன செய்ய வேண்டும்?

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், பட்டினியாகவும் வராதீர்கள். பருத்தி உடை நல்லது. போனை அணைத்துவிடுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முன்பே சொல்லுங்கள். முடிந்ததும் சட்டென்று எழாமல் ஒரு பக்கம் திரும்பி, கையை ஊன்றி, சற்று உட்கார்ந்து எழுந்திருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலை சுற்றலாம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, தூக்கக் கலக்கம் முழுக்கப் போன பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். ஈசிஆரில் போகிறவர்கள் கூடுதலாகவே உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.